பழைய மழை

கருவிப் பலகையில் ஒரு பொந்து.
முள் செத்துப்போன ரேடியோ திசைகாட்டியை
லைல் பிராண்ட்வோல்ட் பிடுங்கி எடுத்த இடம்.
பல் போன ஈறு மாதிரி
கண் அங்கேயே போகிறது.

பொந்து ஒன்று, ஆள் இரண்டு.
விமானத்தில் பாதி என்னுடையது,
பாதி ஆரின் ட்வெய்ட்டுடையது.
எண்ணெய் ஒழுகும் பாதி அவனுடையது என்பேன்,
எரிச்சல் வந்தால்.
எங்கள் வங்கிக் கணக்கு
ஒரு திரைக்குத்தான் தலையாட்டும்.

ஆரினுக்கு வரைபடம் வேண்டும்.
ஊர்கள் நகர, நடுவில் குட்டி விமானம்
எறும்பு போல ஊர வேண்டும்.
போன அக்டோபரில் ஜோர்டனுக்குக் கிளம்பி,
சுற்றிச் சுற்றி,
சர்க்கிள் என்றே பெயருள்ள ஊரில் இறங்கி
பெட்ரோல் கேட்டவன் அவன்.

எனக்கெதற்கு வரைபடம்?
பதினாறு வருடம் பண்ணை பண்ணையாகப் பறந்து
பசு வயிற்றுக்குள் தோள்வரை கைவிட்டவள்.
கீழே ரயில் பாதை, யெல்லோஸ்டோன் ஆறு,
நெற்றியில் ஊர்ப்பெயர் எழுதிய தானியக் குதிர்கள்.
நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.
எதிரே வருவதுதான் தெரியாது.

லைல் மேசையில் மூன்றைப் பரப்பினான்.
மின்னலை ஒட்டுக்கேட்கும் பெட்டி:
"மின்னாத மழை இதற்கு மழையே இல்லை."
சொந்த ரேடார்:
"மூக்கில் வைக்க வேண்டும்.
உன் விமானத்துக்கு மூக்கே விசிறிதானே, டோரிஸ்."
மூன்றாவது,
தரையிலிருக்கும் ரேடார்கள் பார்த்த மழையை
செயற்கைக்கோள் வழியே இறக்கிக் காட்டும் திரை.
பச்சை, மஞ்சள், சிவப்பு,
தக்காளி பழுக்கும் தோட்டம் போல.

"ஒன்று சொல்லிவிடுகிறேன்," என்றான்,
விரல் கிரீஸைத் துடைத்தபடி.
"மூலையில் ஐந்து நிமிடம் என்று எழுதியிருக்கும்.
அது படம் ஒட்டிய நேரம்.
மழைக்கு வயது அதைவிடக் கூட."

நாணயம் சுண்டினோம்.
தோற்ற ஆரின்
என் நாணயத்தைத் திருப்பித் தரவில்லை.

ஜூலை.
கர்ப்பப்பை புரண்ட பசுவைத் தைத்துவிட்டுத் திரும்புகிறேன்.
திரையில் இரண்டு சிவப்புக்கு நடுவே
ஒரு சந்து,
எனக்கென்றே திறந்து வைத்தது போல.
நிமிர்ந்தேன்.
சந்து இருக்க வேண்டிய இடத்தில்
கத்திரிக்காய் நிறத்தில் சுவர்.

திரை வா என்றது.
முன்கண்ணாடி போ என்றது.

வாலைச் சுருட்டிக்கொண்டு திரும்பி
யாருடைய பண்ணையோ,
ஒரு புல் ஓடுதளத்தில் இறங்கினேன்.
கயிற்றில் இரண்டாம் முடிச்சு போடுமுன்
வானத்தில் ஆணி மூட்டை அவிழ்ந்தது.

உள்ளே ஓடி ஒடுங்கினேன்.
காதுக்குள் தகரம் அடிக்கிறது,
கதவிடுக்கில் தண்ணீர் வருகிறது,
திரையில் என் தலைக்கு மேல்
துடைத்துவைத்த தட்டு.
ஒரு துளி கிடையாது.
சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.
என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

கொட்டித் தீர்ந்தது.
மேற்கே வெயில், நசுங்கிய புல்லின் வாசம்.
இறக்கையில் அம்மைத் தழும்புகளை
எண்ணிக்கொண்டிருந்தபோது
திரை மெல்லச் சிவந்தது,
சரியாக
நான் நிற்கும் இடத்தில்.

ஆரினை அழைத்தேன்.
"எங்கே இருக்கிறாய்?"

சுற்றிப் பார்த்தேன்.
ஆறு இல்லை, ரயில் இல்லை,
பெயர் சொல்ல ஒரு குதிர் இல்லை.

"சிவப்புக்குள்," என்றேன்.
"நல்ல வெயில்."