இருநூற்றுப் பதினெட்டு

ஐந்தாம் நாள்.
செங்காங் பலதுறை மருந்தகத்தில்
குதிகாலில் குத்தி
ஒரு மெல்லிய குழாய் நிறைய எடுத்தார்கள்.
இருநூற்றுப் பதினெட்டு என்றார் தாதி,
எங்கோ போகிற பேருந்தின் எண்ணைச் சொல்வதுபோல.

மஞ்சள் கூடியிருக்கு.
பால் நிறையக் கொடுங்க.
நாளைக்கு மறுபடி வாங்க.

பிறகு என் விரல்களைப் பார்த்தார்.
விடியலில் பூண்டுக் குழம்புக்குப்
பச்சை மஞ்சள் தட்டியிருந்தேன்.
நகக்கண் வரைக்கும் அதே நிறம்.
"அப்பாவுக்கும் குத்திப் பார்க்கவா?"
இளவேணி சிரித்துவிட்டு
அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.
"சிரிக்க வைக்காதீங்க அக்கா, தையல்."

எனக்கு நான்கு வாரம் விடுப்பு.
முட்டை பொரிக்கத் தெரியும்.
மீ கோரெங் வாங்கிவரத் தெரியும்.

பால் சுறாவுக்குத் தேக்கா ஈரச்சந்தை போனேன்.
பெயரைச் சொன்னதுமே மீன்காரர்
"ஆணா பெண்ணா?" என்றார்.
பெண் என்றேன்.
தராசு முள் நின்ற பிறகும்
இன்னொரு துண்டு விழுந்தது.

செய்முறை ஃபாரூக் அனுப்பியது.
துவாஸில் பாரந்தூக்கியின் உச்சியில் உட்கார்ந்து
குரல் பதிவாக.
மூன்று பிள்ளைக்கு ஆக்கிப் போட்டவன்.
"அவிச்சு, தோலை உரிச்சு, நல்லா..."
அதற்குமேல் காற்று.
நல்லா என்ன?
நல்லா என்று நினைத்து அப்படியே தாளித்தேன்.
புட்டு வரவில்லை, களி வந்தது.
இளவேணி ஒன்றும் சொல்லாமல் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள்.
பசி.

ஆறாம் நாள்
இருநூற்று நாற்பத்தொன்று.
ஏறினால் விளக்கடியில் போடணும் என்றார்கள்.
பிள்ளை கொட்டாவி விட்டது.

மின்தூக்கியில் பார்த்தவர்களெல்லாம்
வெயிலில் காட்டச் சொன்னார்கள்.
தாதி வேண்டாம் என்றார்.
எப்படியும் மூன்று நாளாக மழை.
மூங்கில் கழியில் போட வழியின்றி
அறை முழுக்கக் கொடி கட்டித் துணிகள்;
குனிந்து குனிந்துதான்
அடுப்புக்கும் கட்டிலுக்கும் போகிறேன்.

குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள்.
இடம் பன்னிரண்டு நிமிடம். வலம் ஒன்பது.
ஈரத் துணி நான்கு. மற்றது இரண்டு.
ஒவ்வொரு வரியின் பக்கத்திலும்
என் கட்டைவிரல் ரேகை, மஞ்சளாக.

மூக்கு நுனியை மெல்ல அழுத்தி எடுத்தால்
அடியில் இருக்கும் நிறம் தெரியும் என்று
யாரோ சொன்னார்கள்.
இரவு மூன்று மணிக்கு, நான்கு மணிக்கு
அழுத்திப் பார்க்கிறேன்.
என் விரல் நிறமா, அவள் நிறமா,
குழல்விளக்கின் நிறமா?
இன்னும் பெயர் வைக்கவில்லை.
பதிய நாற்பத்திரண்டு நாள் இருக்கிறது.
அதுவரை மருந்தகச் சீட்டில்
அவள் இளவேணியின் குழந்தை,
எங்களுக்குள் அன்றன்றைய எண்.
"இருநூற்று நாற்பத்தொன்று தூங்குதா?"
"இல்ல, உன்னைத்தான் பாக்குது."

ஃபாரூக் தரைக்கு இறங்கிவந்து
மறுபடி பேசினான்.
பிழியணும்டா. நல்லாப் பிழியணும்.
சொட்டுத் தண்ணி இருக்கக்கூடாது.

ஒன்பதாம் நாள்
நூற்று எண்பத்தேழு.
கேட்டது சரிதானா என்று திரும்பக் கேட்டேன்.
தாதி சீட்டில் எழுதியே கொடுத்தார்.
பேருந்தில் அதை இளவேணி
மடித்தாள், பிரித்தாள், மடித்தாள்.

அன்று பிழிந்தேன்.
துணியில் கட்டி, மணிக்கட்டு நோக.
கடுகு வெடித்தது. வெங்காயம், பூண்டு,
இரண்டே பச்சைமிளகாய், பிள்ளைக்குக் காந்தாதிருக்க.
உதிர் உதிராக,
நானே நம்பாத ஒரு புட்டு.

இடப்பக்கம் பிள்ளை குடிக்க
வலக்கையால் அவள் அள்ளிச் சாப்பிட்டாள்.
ஒரு துணுக்கு விழுந்தது,
பிள்ளையின் கன்னத்தில்.
துடைக்கப் போனவள் நின்றாள்.
"இங்க பாரேன்."

கன்னம் தனி நிறம்.
துணுக்கு தனி நிறம்.
நேற்றென்றால்
தெரிந்தே இருக்காது.

இருவரும் குனிந்து
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.
பிறகு அதை எடுத்து
வாயில் போட்டுக்கொண்டேன்.

உப்பு குறைவு.