பதினொன்றே முக்காலுக்கு ஒரு மாத்திரை

நள்ளிரவுக்குப் பிறகு
ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாதென்று
அடிக்கோடிட்டுத் தந்திருந்தார்கள்.
கால் மணி நேரம் இருந்தது.
நெல்லித்தோப்பு லாட்ஜில் குளித்து வந்து
கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, பழக்கம்,
துவட்டும்போது பார்த்தேன்
விலாவெங்கும் தடிப்பு.
வரைபடத்துத் தீவுகள் மாதிரி
ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டே போனது.

பையின் பக்க ஜிப்பில் எப்போதும் ஒரு அட்டை இருக்கும்.
பார்சல் தூசியில் பிழைப்பவனுக்கு
செட்ரிசின் சில்லறைக்காசு.
ஒன்றைப் பிதுக்கி
ஒரே மடக்கில் விழுங்கினேன்.
ஒன்றரைக்குள் தீவுகள் மூழ்கின.
நானும்.

பத்தாம் வகுப்பு பி.டி. பீரியடில் ஒருவன்
பின்னாலிருந்து கை போட்டுப் பிடித்துச் சிரித்தான்.
அன்றிலிருந்து இரண்டு பனியன்,
கத்திரி வெயிலிலும்.
தேவனாம்பட்டினத்தில் எல்லோரும் அலைக்குள் ஓட
செருப்புகளுக்குக் காவல் நான்.
கூரியர் வேலை பிடித்துப்போனது
சம்பளத்துக்காக இல்லை.
நெஞ்சுக்குக் குறுக்கே தொங்கும் அந்தப் பை.

வீட்டில் ஹெர்னியா என்று சொல்லியிருக்கிறேன்.
நண்பர்களிடம் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.
பாண்டிக்குப் போகிறேன் என்றால்
கடலூரில் எதற்கென்று யார் கேட்பது?
கண்ணடித்தார்கள்.

காலையில் சர்ஜன் என்னை நிற்கவைத்து
நெஞ்சில் ஊதா மையால் இரண்டு வட்டம் போட்டார்.
சிஸ்டர் பெர்னதெத் படிவத்தோடு வந்தார்.
பெயர் தணிகைவேல். ஊர் மஞ்சக்குப்பம்.
பல் ஏதாவது ஆடுதா? இல்லை.
அலர்ஜி? இல்லை.
நேத்து மாத்திரை எதுவும்? இல்லை.
மூன்றும் ஒரே குரலில் வந்தன.
எனக்கே ஆச்சரியம்.

தள்ளிவைத்துவிட்டால்?
சீட்டு எடுத்த பணம், பொய் சொல்லி வாங்கிய லீவு
எல்லாம் கிடக்கட்டும்,
இன்னொரு முறை பஸ் ஏறி
கன்னியக்கோயில் தாண்டும் தைரியம்
எனக்கு வராது.

மயக்க மருந்துக்கு டாக்டர் சபீனா.
மூக்குக்கண்ணாடி தலைமேல் ஏறியிருந்தது.
அங்கியை விலக்கி ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவர்
வட்டங்களைப் பார்க்கவேயில்லை.
சுவரைப் பார்த்துக்கொண்டு
உள்ளே அடிப்பதை மட்டும் கேட்டார்.
எனக்கு என்னவோ செய்தது.

"மேடம், ராத்திரி ஒரு செட்ரிசின் போட்டேன்."
"எத்தனை மணிக்கு?"
"பதினொன்னே முக்கால்."
"அது பரவாயில்ல. எதுக்குப் போட்டீங்க?"
"தடிச்சுது."
"எப்ப?"
"குளிச்சதும்."
கண்ணாடி கீழே இறங்கியது.
"நாங்க குடுத்த பிங்க் மருந்துலயா?"

ஆமாம். அந்தச் சின்ன பாட்டில்.
இரண்டு நிமிடம் தேய்க்கச் சொல்லியிருந்தது.
நான் ஐந்து நிமிடம் தேய்த்தேன்,
கொஞ்சமாவது கரையட்டும் என்பதுபோல.

விலாவைத் திருப்பிப் பார்த்தார்.
ஒன்றுமில்லை.
திருடன் கால்தடத்தைத் தானே பெருக்கித் தள்ளிவிட்டு
போலீஸ் முன் நிற்கும்
வீட்டுக்காரனாக நின்றேன்.

"கத்தி வைக்கறதுக்கு முன்னாடி
அதைத்தான் உடம்பெல்லாம் பூசுவாங்க, தம்பி."
குரல் உயரவில்லை.
என் மூன்று இல்லைகளில்
இரண்டைச் சிவப்பில் அடித்தார்.
"இன்னிக்கு வேண்டாம்.
டெஸ்ட் எடுத்துட்டு அப்புறம் தேதி பார்ப்போம்.
வேற ஏதாவது சொல்லணுமா?"

"வீட்ல ஹெர்னியான்னு சொல்லியிருக்கேன்."
"அது என் ஃபார்ம்ல இல்ல" என்றார்.
சிரித்தாரா என்று தெரியவில்லை, மாஸ்க்.

மதியம் கடலூர் பஸ். ஜன்னலோரம்.
மாத்திரையின் மிச்சத் தூக்கம்
ரெட்டிச்சாவடிவரை தலையை முட்டவைத்தது.
பக்கத்து சீட்டுக்காரர் என்னைப் பார்த்து
"மதியத்துலயேவா?" என்றார்.
ஆமாம் என்றேன்.

சட்டைப்பையில் சபீனா எழுதிய சீட்டு,
இனி எந்த ஆஸ்பத்திரியிலும் முதலில் காட்டவேண்டியது.
இரண்டு பனியனுக்கும் அடியில்
வெட்டாமல் விட்ட இரண்டு ஊதா வட்டங்கள்.
எந்த சோப்பைப் போட்டு அழிப்பதென்று
கேட்க மறந்துவிட்டேன்.