காரைக்குடியில் இருபத்தாறு டிகிரி

செக்காலை ரோட்டில் இரண்டாம் மாடி.
அக்கினி நட்சத்திரம் ஒன்பதாம் நாள்.
இரண்டு மணிக்கு எங்கோ டிரான்ஸ்பார்மர் வெடித்தது.
தொட்டியின் ஓரத்தில் சிவப்பு எண்: 26.2

குளிரூட்டி ஓடியவரை ஒரு பேரம்:
தண்ணீரின் சூட்டை எடுத்து
என் முதுகில் கொட்டும்.
பவளத்துக்கு இருபத்தாறு,
எனக்கு முப்பத்தெட்டு.
ஒத்துக்கொண்டவன் நான்தான்.

இப்போது இன்வெர்ட்டரில் ஒரு சின்ன விசிறி
நீர்மேல் சாய்ந்து ஊதுகிறது.
தொண்டியில் இருக்கும் ஜெயினுலாப்தீனுக்கு
விசிறி பலிப்பதில்லை. அங்கே காற்றே ஈரம்.
இங்கே வறட்டுக் காற்று
தொட்டியைக் குடித்துக் குடித்தே குளிர்விக்கிறது.
கடல் இல்லாத ஊருக்கு
இப்படியும் ஒரு லாபம்.
விரற்கடை இறங்கினால்
விரற்கடை நல்ல தண்ணீர் ஊற்றுகிறேன்.
உப்பு எங்கும் போகாது.

27.5
கீழ்வீட்டுச் சிகப்பியின் ஃப்ரீசரில்
வஞ்சிரத் துண்டுகளுக்கு அடியில்
எனக்கு நான்கு பாட்டில் ஐஸ்.
"உங்க மீனுக்கும் ஐஸ், எங்க மீனுக்கும் ஐஸ்"
சிரிக்காமல் கொடுத்தாள்.
நான்கையும் போட்டுவிடக் கை துடிக்கிறது.
ஏறுவது கொல்வதைப் போலவே
சடாரென்று இறங்குவதும் கொல்லும்.
ஒன்று மட்டும். இருபது நிமிடம். எடுத்துவிடு.
அடுத்தது பிறகு.

நாலரைக்கு 28.1
சுத்தியல் பவளம் விரல்களை
உள்ளே இழுத்துக்கொண்டது.
கோமாளி மீன்கள் மட்டும்
சாப்பாட்டு நேரமென்று கண்ணாடிக்கு வந்தன.
மின்வாரியத்துக்கு ஏழாவது முறை அடித்தேன்.
யாரும் எடுக்கவில்லை.

ஐந்து பத்துக்கு
குளிரூட்டி இருமிக்கொண்டு எழுந்தது.
அறை சூடாகத் தொடங்கியது.
சட்டையைக் கழற்றி
நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

28.0