இருபத்திரண்டு பேர்

உயிரியல் கொப்பியின் கடைசித் தாளில்
ஒரு மாதமாய்க் கோடு போட்டு வைத்திருந்தேன்.
திரை எத்தனை அங்குலம்,
பற்றரி எத்தனை மணித்தியாலம்,
சிம் போட இடமுண்டா,
தமிழ் எழுத்து உடையாமல் வருமா.
கடைசிக் கட்டத்தில் விலை என்று எழுதவில்லை,
பேர் என்று எழுதினேன்.
அம்மாவுக்கு விளங்க வேண்டுமே.

நிறை சரியென்றால் அன்றைக்கு ஒரு பேர்.
மழையில் கொழுந்து குறைந்தால்
அரைப்பேர்.
புது டெப் நாற்பத்து மூன்று பேர்.
"ரெண்டு மாசம் நான் பேரில்லாமத் திரியவா?"
என்று கேட்டபடி
இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு
பிரட்டுக்கு இறங்கிப் போனாள்.
போகும்போதே திரும்பி,
"பழசுல பாரு."

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஹட்டன்.
கூட தம்பி துவாரகன்.
அவனிடமும் ஒரு பட்டியல் இருந்தது,
ஒரே வரி:
கார் ரேஸ் ஓடுமா.

இம்தியாஸ் நானாவின் கடை
பேக்கரிக்கு மேல்மாடி.
படியெல்லாம் பாண் வாசம்.
முதலில் ஏழு அங்குலம் ஒன்றை நீட்டினார்.
புதுசு, மலிவு, பெட்டியோடு.
போன வருட இரசாயனவியல் தாளைத் திறந்தேன்.
பென்சீன் வளையம்
எறும்பின் கண்ணளவு.
விரலால் விரித்தால் வினா தெரிகிறது,
விடைகள் திரைக்கு வெளியே போய்விடுகின்றன.
இன்னொருமுறை விரித்தேன்.
அது யோசித்தது.
நானும் யோசித்தேன்.
துவாரகன் கொட்டாவி விட்டு முடிக்கும்வரை
அது யோசித்துக்கொண்டிருந்தது.

பிறகு பத்து அங்குலம்.
வலது மூலையில் சிலந்திக்கால் போல வெடிப்பு.
"கம்பளைப் பிள்ளை ஒண்டு பாவிச்சது மகள்,
இப்ப கெம்பஸ்ல. ராசியான சாமான்."
பழைய சாமான் விற்கும் எந்தக் கடையிலும்
முன்பு வைத்திருந்த பிள்ளை
கெம்பஸுக்குத்தான் போயிருக்கிறது.
ஃபெயிலான பிள்ளைகளின் டெப் எல்லாம்
எங்கே விற்பனையாகிறதோ.

கேட்கவில்லை.
கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு
ஒவ்வொரு கட்டமாகக் கேட்டேன்.
பற்றரி மாற்றியதா, எப்போது மாற்றியது,
சூம் வகுப்பு இதில் திறக்குமா,
திறந்து காட்டுங்கள்,
காற்றடித்தால் எங்கள் லயத்தில்
இரண்டு நாள் கரண்ட் இராது,
தாங்குமா.
ஞௌ என்று எழுதிப் பார்த்தேன்,
உயிரோடு வந்தது.
நானா மேசைமேல் கையூன்றி
"சோதினை எனக்கா உனக்கா?" என்றார்.

முப்பத்திரண்டில் தொடங்கி
இருபத்தொன்பதாயிரத்து எழுநூறில் நின்றது.
மனதுக்குள் வகுத்தேன்.
இருபத்திரண்டு பேர்.
ஏழு அங்குலத்தைவிட நாலு பேர் கூட.
நாலு விடியல்,
நாலு மலையேற்றம்,
எத்தனை அட்டைக்கடி
என்று எண்ணத் தொடங்கி நிறுத்தினேன்.
இப்படி எண்ணினால்
எதையும் வாங்க முடியாது,
வாங்காமலும் இருக்க முடியாது.

அம்மாவின் சீட்டுக்காசு
கைக்குட்டை முடிச்சிலிருந்து வெளியே வந்தது.
மிச்சம் பஸ்ஸுக்கு மட்டும்.
உறை வாங்கவில்லை.
கீழே பேக்கரியில் பாண் சுற்றும் பையொன்றை
நானாவே வாங்கித் தந்தார்.
பழைய வினாத்தாள்களைச் சும்மா ஏற்றித் தந்தார்.
கார் ரேஸையும்.
அதைத் துவாரகன்
பொகவந்தலாவை வரும்வரை எனக்குச் சொல்லவில்லை.

இரவு. மழை. கரண்ட் இல்லை.
பாண் துகள் தட்டி எடுத்தேன்.
திரை வெளிச்சத்தில் அம்மா
காலில் அட்டை கடித்த இடத்துக்குச்
சுண்ணாம்பு வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கேக்குது அது?"
"பேர் கேக்குதும்மா."
"இன்னுமா? இருபத்திரண்டு குடுத்தாச்சே."

சிரித்தது முதலில் அவள்தான்.
துவாரகனுக்கு விளங்கவில்லை,
எல்லாரும் சிரிப்பதால் சிரித்தான்.
"சரி போடு,
ஆனா அரைப்பேரு போட்டுறாத."

சின்னையா நிரோஷினி என்று
முழுசாக எழுதினேன்.
பற்றரி பதினாலு வீதம்.
முதல் வினாவை வாசிக்க
அது போதும்.