தலைக்கு

மூன்று கொட்டேஷன்.
ஒன்று தலைக்கு மாதம் அறுநூறு.
இன்னொன்று நானூறு, ஜிஎஸ்டி தனி.
மூன்றாவது இலவசம், பத்துத் தலை வரைக்கும்.

பூலுவபட்டி யூனிட்டில் எத்தனை தலை?
கட்டிங் சென்னியப்பனுக்கு மெயில் ஐடி கிடையாது.
செக்கிங்கில் ஆறு பேருக்கு ஒரே போன்,
அதுவும் ஸ்கிரீன் உடைந்தது.
சாயப்பட்டறைக்காரர் "வாட்சப்புல போட்டுடறனுங்க" என்பார்,
போடமாட்டார்.

போன வருசம் வாங்கியதும் இப்படித்தான்:
லோடு கிளம்பிய பிறகு
கோகிலவாணி தனியாக உட்கார்ந்து
எல்லார் வேலைக்கும் பச்சை டிக் போடுவாள்.
சேவூர் பஸ் எட்டு நாற்பதுக்கு.
விட்டால் அண்ணன் பைக்கில் வந்து கூட்டிப்போகவேண்டும்,
முணுமுணுத்துக்கொண்டே.

"எதுங்க சல்லிசு?" முதலாளி கேட்கிறார்.

எக்செல்லில் ஒரு காலம் கூடச் சேர்த்து
எட்டு நாற்பது என்று அடித்தேன்.
கீழே கூட்டல்
அதை எடுத்துக்கொள்ளவில்லை.