ஐந்து மில்லிமீற்றர்

வலது தோளில் றைபிள்.
இடது கண்ணில் பார்வை.
நடுவில் என் மூக்கு.

மாங்குளத்தில் லேத் போட்டிருக்கிற அமலதாசன்
உழவு மெசினுக்குப் புஷ் கடைகிற அதே கையால்
அலுமினியத்தில் இரண்டு கை கடைந்து தந்தான்.
பின் வளையத்துக்கு ஒன்று,
முன் வளையத்துக்கு ஒன்று.
இரண்டும் குழலை விட்டு இடப்பக்கம் நீண்டு
அறுபத்திரண்டு மில்லிமீற்றர்.
வேணியர் வைத்து மூன்று தரம் பார்த்தது,
மயிரிழை வித்தியாசம் இல்லை.

"தோளை மாத்திப் பிடியுமன்" என்றார்
பயிற்சிக்கு வந்தவர்.
சொல்லலாம்.
இடது தோளுக்குள் ஒரு பீஸ் கிடக்கிறது,
கிடக்கட்டும் என்று டொக்டர் விட்டது.
கட்டையை வைத்து அழுத்தினால்
அதுவும் தன் பங்குக்கு அழுத்தும்.
வலது கண்ணைப் பற்றி அவர் கேட்கவில்லை.
நானும் மற்றக் கண்ணாலேயே அவரைப் பார்த்தேன்.

மல்லாவியில், நெல் வராத மாதங்களில்
களஞ்சியம் எங்களுக்கு.
சுண்ணாம்புக் கோட்டில் இருந்து அட்டை வரை
பத்து மீற்றர். தரையில் எலிப்புழுக்கை,
தகரத்து ஓட்டைகளால் விழும் வெயிலில்
சாக்குத் தூசி ஏறி இறங்கும்.

இடுப்புச் சிறுத்த சன்னம், உழுந்தளவு.
வளையத்துக்குள் வளையம்,
அதற்குள் கறுப்பு வட்டம்,
சுற்றிவர ஒரே அளவு வெள்ளை.
மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினேன்.

அட்டையில் ஒன்றும் இல்லை.

ஒன்றை வைத்து முடிவெடுக்கக் கூடாது.
ஐந்து சுட்டேன்.
பின்னால் நின்ற பலகையில்,
அட்டைக்கு வெளியே, வலப்பக்கம்,
ஐந்தும் ஒரு சட்டைப் பொத்தான் அகலத்தில்
கூடிக் குந்தியிருந்தன.
நடுவில் இருந்து அளந்தேன்: அறுபத்திரண்டு.
வடிவான கூட்டம்தான். வேறு ஊரில்.

குமிழை இடப்பக்கம் திருகினேன்.
சொடுக்கு, சொடுக்கு, சொடுக்கு,
எண்ணிக்கை தவறிப் போகும்வரை.
பிறகு குமிழ் முட்டி நின்றது.
சன்னம் அட்டை விளிம்பை மட்டும் கடித்தது.

அட்டையின் முதுகில் படம் கீறிப் பார்த்தேன்.
கண்ணில் இருந்து ஒரு கோடு,
குழலில் இருந்து ஒரு கோடு.
கைகள் இரண்டும் ஒரே நீளம் என்றால்
கோடுகள் சமாந்தரம்.
எல்லை வழக்குப் பேசிய இரண்டு வளவுக்காரர் மாதிரி
கடைசிவரை முகம் பாராமல் போகும்.
பத்தாவது மீற்றரில் சந்திக்க வேண்டுமென்றால்
பின் கை
ஐந்து மில்லிமீற்றர் கூட நீள வேணும்.

போனில் அமலதாசனுக்கு மனம் நொந்தது.
"ரெண்டும் சரிசமனாத்தானே கடைஞ்சனான்?"
ஓம், அதுதான் பிழை என்று
எப்படிச் சொல்வது?
கொஞ்ச நேரம் லேத் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.
"அஞ்சோ?" என்றான். "அஞ்சு."

சனிக்கிழமை பஸ் கொண்டக்டர் கையில்
புதுக் கை வந்தது, பழைய பேப்பரில் சுற்றி,
கடைசல் எண்ணெய் இன்னும் மணத்தபடி.
நீர்மட்டக் குமிழை நடுவில் நிறுத்தினேன்.
துவக்கு ஒரு பாகை சரிந்தாலும்
இவ்வளவு நீளக் கை எல்லாவற்றையும் பெருப்பிக்கும்.

ஐந்து. இடப்பக்கம் நாலு சொடுக்கு.
அட்டையை மாற்றி, ஐந்து. மேலே இரண்டு.
மாற்றி, ஐந்து.
நடுப்புள்ளி இருந்த இடத்தில்
பின்பலகையின் நிறம் தெரிந்தது.

பத்து மீற்றரில் மட்டும்தான் இது.
பதினொன்றில் என் பார்வை
வலப்பக்கம் தாண்டியிருக்கும்,
சன்னம் இடப்பக்கம்.
ஆறு மில்லிமீற்றர் பிரிவு,
போகப் போகக் கூடும்.
கூடட்டும். அந்தச் சுவருக்கு அப்பால்
எனக்குக் குறிபார்க்க ஒன்றுமில்லை.

சன்னங்களை எண்ணி எடுத்து
எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.
களஞ்சியப் பொறுப்பாளர் சிவபாதசேகரம்
கொப்பியை விரித்தார்.
செலவு: பதினைந்து.
காரணம் என்ற கூட்டில்
'பூச்சியமாக்கல்' என்று எழுதினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
இரண்டு தரம் வாசித்தார்.

"பூச்சியமெண்டால், பிள்ளை,
இந்தப் பதினைஞ்சும் எங்க போனது?"