வெட்டாமல் அனுப்பவும்

அம்மாவின் முடி ரப்பரால்
கம்பிவலையில் ஃபோனைக் கட்டினேன்.
சட்டகத்துக்குள் நீ, பாதி கோர்ட், வலை,
பின்னால் மெர்பேங்க் எண்ணெய் ஆலையின் புகைபோக்கிகள்.
‘அதுங்க தெரியாம எடுக்க முடியாதா?’ என்றாய்.
முடியாது, கெருஷா.
இந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும்
அவைதான் முதலில் வந்து நிற்கும்.
புகை நின்று வருடங்களாகிவிட்டன.
அப்பாவின் வெல்டிங் கண்ணாடி
ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது.

நாற்பத்தேழு கல்லூரிகளுக்கு எழுதினாய்.
பாதிக்கு மேல் மௌனம்.
சிலர் ‘அணி நிறைந்துவிட்டது’.
ஒருவர் உன் பெயரைக் கெவின் என்று வாசித்து
ஆண்கள் அணிக்குத் தள்ளிவிட்டார்.
நெப்ராஸ்காவில் ஒருத்தி மட்டும் கேட்டாள்:
உயரம், மதிப்பெண், பள்ளி முடியும் வருடம்,
எல்லா அடியும் கொஞ்சம் கொஞ்சம்.
இசை சேர்க்க வேண்டாம்.
வெட்டாமல் அனுப்பவும்.

அந்த ஒருத்திக்காக
ஞாயிறு காலை, கடற்காற்று எழுமுன்,
ஆறு நாள் டயர் கழற்றிய கையால்
உனக்குப் பந்து போட்டேன்.
நான் சட்டகத்துக்கு வெளியே.
என் நிழல் மட்டும் ஒருமுறை
வலை வரை வந்துவிட்டுப் போகிறது.
பதினாலாம் நிமிடத்தில் ஒரு குரங்கு
வேலியிறங்கி, ஒரு பந்தை எடுத்துக்கொண்டு
அவசரமில்லாமல் நடந்து போகிறது.
அதையும் வெட்டவில்லை.

அழைப்பு இரவு பதினொன்றுக்கு. அங்கே பிற்பகல் மூன்று.
நம் தெருவில் அப்போது மின்வெட்டு.
மெழுகுவர்த்திக்கு முன் உன் முகம்
நேர்ந்துகொண்டவள் முகம் போலிருந்தது.
‘படையாச்சி’யை அவள் மூன்று முறை முயன்றாள்,
மூன்று முறையும் வேறு வேறு இடத்தில் இடறினாள்.
பிறகு சொன்னாள்:
மறுபக்கம் இருப்பவன் உன்னைக் காப்பாற்றுகிறான்.
எல்லாப் பந்தும் இடுப்புயரம்,
எல்லாம் உனக்குப் பிடித்த பக்கம்.
அவனை ஜெயிக்கப் பார்க்கச் சொல்.
பிறகு அனுப்பு.

எங்கே பார்ப்பது என்று தெரியாமல்
மேசையில் வழிந்த மெழுகைச் சுரண்டினேன்.
அழைப்பு முடிந்தும் நீ திரும்பவில்லை.
‘எத்தனை வருஷமா?’
என்று மட்டும் கேட்டாய்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் புத்தகத்தில்
பந்துக்கு இரண்டு பொருள் போட்டிருந்தது, நினைவிருக்கிறதா?
உருள்வது ஒன்று, உறவு மற்றொன்று.
மாமா துள்ளுவார், சித்தி வலையில் மாட்டுவாள்
என்று சிரித்துச் சிரித்து
வெளியே நிற்கவைக்கப்பட்டோம்.

அடுத்த ஞாயிறு ஃபோனை உயரே கட்டினோம்.
இப்போது நானும் உள்ளே,
தொப்பையும் இடக்கையுமாக.
முதல் பந்தையே தாழ்வாக உன் பேக்ஹேண்டுக்குச் சீவினேன்.
வலையில் அடித்தாய்.
அடுத்ததும் அதே இடம். அதற்கடுத்ததும்.
நான்காவதற்கு நீ முன்பே போய் நின்றாய்.
ஒரு பந்தை நீ வெளியே என்றாய், நான் உள்ளே என்றேன்;
இரண்டு நிமிடச் சண்டை,
நம் தெருவின் அத்தனை கெட்ட வார்த்தைகளோடும்
நெப்ராஸ்காவுக்குப் போயிருக்கிறது.
ஆறு-நான்கு. எனக்கு.
கை கொடுக்காமல் தண்ணீர் பாட்டிலை உதைத்துவிட்டு
நடந்தே வீட்டுக்குப் போனாய்.

அறுபது சதவீதம் தருகிறார்களாம்.
தண்ணீர் பில்லின் பின்புறத்தில் அப்பா
டாலரை ராண்டாக்கிக்கொண்டிருக்கிறார்.
நாற்பதைச் சுற்றிச் சுற்றி அவர் போட்ட வட்டம்
தாளைக் கிழித்துவிட்டது.
அம்மா ஒன்றும் சொல்லாமல்
வேறு தாள் எடுத்து வைத்தாள்.

மதிய இடைவேளையில், டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து,
அந்த வீடியோவைப் போட்டுப் பார்க்கிறேன்.
முப்பத்தொன்றாம் நிமிடம்:
வலைக்கு ஒட்டினாற்போல் ஒரு டிராப் ஷாட்.
என் வாழ்நாளில் அதைவிட நன்றாகப் போட்டதில்லை.
நீ அடிக்கோட்டுக்கும் பின்னாலிருந்து ஓடி வருகிறாய்.
எட்டிவிட்டாய்.
என் வாய் அசைகிறது.
என்ன சொன்னேன் என்று கேட்கவில்லை, காற்று.
அனேகமாக அதுவும்
கெட்ட வார்த்தையாகத்தான் இருக்கும்.